காந்தத் துகளும் சென்சாரும் வைத்துப் புரதம் கண்டறிவது எப்படி? புதிதாக இறங்குபவருக்கு

ரத்தம், உமிழ்நீர், சிறுநீர் என எதை எடுத்தாலும் அதில் காந்தத்தன்மையுள்ள பொருள் ஏறக்குறைய இல்லை. மாதிரி கலங்கலாக இருந்தாலும் அடர்நிறமாக இருந்தாலும் காந்தப் புலத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தேடும் மூலக்கூறோடு ஒரு காந்தத் துகளை ஒட்டிவிட்டு, துகளின் புலத்தைச் சென்சாரில் படித்தால் வேலை முடிந்தது. சொல்லும்போது இவ்வளவுதான். செய்ய உட்கார்ந்தால் சிக்னல் வரவே வராது, அல்லது எதுவுமே இல்லாத மாதிரியிலும் வந்து தொலைக்கும்.

நான் பார்த்தவரை, புதிதாக வருபவர்கள் பணத்தையும் நேரத்தையும் சென்சாரிலும் மின்னணுவிலும் கொட்டுகிறார்கள். சோதனை கெடுவதோ சிப்பின் (சென்சார் பதித்த சில்லு) மேல் இருக்கும் சில நானோமீட்டர் பூச்சில். இதைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். வேதியியல் ஆய்வகத்தில் பைப்பெட் பிடித்த பழக்கமும் மின்சுற்று பற்றிக் கொஞ்சம் அறிமுகமும் இருந்தால் போதும்.

1. எந்த மூலக்கூறு, எவ்வளவு அடர்த்தி என்று முடிவு செய்யுங்கள்

சென்சாரை வாங்கிவிட்டு, அப்புறம் எதைக் கண்டறியலாம் என்று யோசிப்பது தலைகீழ் வேலை. அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதம் ரத்தத்தில் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்றால் லிட்டருக்குப் பத்து, இருபது நானோகிராமைப் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம். முதல் சோதனைக்குச் சிஆர்பி போன்ற தாராளமாகக் கிடைக்கும் புரதத்தையே எடுங்கள். நல்ல ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைத் தேடிப் பிடிக்கும் புரதம்) சுலபமாகக் கிடைக்கும், சிக்னல் வரவில்லை என்றால் காரணத்தைத் தேடவும் எளிது.

கார்டிசால் ஹார்மோன் போன்ற சின்ன மூலக்கூறுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். இந்த முறையில் ஒரு மூலக்கூறை இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே நேரத்தில் பற்ற வேண்டும் (படி 3-ல் வரும்), அதற்கு அதில் இடமில்லை. தேடும் மூலக்கூறும் துகளோடு சேரும் அதன் நகலும் ஒரே ஆன்டிபாடிக்கு மோதும் போட்டி முறையில்தான் அளக்க வேண்டும், அதில் மூலக்கூறு கூடக் கூடச் சிக்னல் குறையும். அடிப்படையே கைவராத நிலையில் அது தேவையில்லாத குழப்பம்.

டிஎன்ஏ கண்டறிய வேண்டும் என்றாலும் பாதை இதேதான். ஆன்டிபாடிக்குப் பதில் தேடும் டிஎன்ஏவோடு பொருந்தும் ஒற்றை இழையைச் சிப்பில் நடுவீர்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் செய்யும்போதே, பயோட்டின் என்ற சின்ன வைட்டமின் மூலக்கூறு ஒட்டிய ப்ரைமரை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) பயன்படுத்தினால், துகள் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி தயாராகிவிடும்.

2. காகித வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

எல்லாவற்றிலும் மெதுவாக நகர்வது இதுதான். மனித மாதிரி தொடுவதாக இருந்தால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி, மாதிரி தருபவரின் ஒப்புதல் படிவம், உயிரியல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். வேறொரு ஆய்வகத்திலிருந்து மாதிரியோ ஆன்டிபாடியோ வாங்கினால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், அதைக் கணக்கில் வைத்தே அட்டவணை போடுங்கள்.

அதுவரை கைகட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சுத்தமான புரதத்தை வாங்கிப் பஃபரில் (பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) கலந்து செய்யும் சோதனைகளுக்கு மனித மாதிரிக்கான அனுமதி தேவைப்படாது. கீழே வரும் படிகளில் முக்கால்வாசியை அப்படியே முடித்துவிடலாம்.

ஆன்டிபாடிக்கும் துகளுக்கும் லாட் எண்ணோடு (தயாரிப்புத் தொகுதி எண்) வரும் பகுப்பாய்வுச் சான்றிதழ், சிப்பின் தரவுத்தாள், ரசாயனங்களின் பாதுகாப்புத் தாள் மூன்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். லாட் மாறினால் சிக்னலும் மாறும். எண்ணைக் குறித்து வைக்காதவருக்கு ஏன் மாறியது என்று கடைசிவரை தெரியாது.

3. சிப்பைத் தொடும் முன் ஆன்டிபாடி ஜோடியை எலைசாவில் சோதியுங்கள்

எலைசா என்பது பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து, நிறமாற்றத்தை வைத்து அளக்கும் வழக்கமான சோதனை. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் கை அரிக்கும். தயவுசெய்து குதிக்காதீர்கள்.

உங்களுக்கு இரண்டு ஆன்டிபாடி வேண்டும். ஒன்று சிப்பில் உட்கார்ந்து புரதத்தைப் பிடிப்பது. மற்றொன்று பயோட்டின் ஒட்டியது, பிடிபட்ட புரதத்தின் இன்னொரு பக்கத்தில் வந்து அமர்வது. அந்தப் பயோட்டினைத்தான் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய காந்தத் துகள் பற்றிக்கொள்கிறது. இரண்டு ஆன்டிபாடியும் புரதத்தின் ஒரே இடத்தைப் பிடிப்பவையாக இருந்தால் ஒன்று மற்றொன்றுக்கு இடம் விடாது, எல்லாம் வீண். ஆகவே "பொருந்திய ஜோடி" என்று குறிப்பிட்டு விற்பதை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் தனித்தனியாக வாங்கி ஜோடி தேடுவதைவிடக் கடைசியில் மலிவாக முடியும்.

வாங்கியதும் சாதாரண எலைசா தட்டில் ஓட்டிப் பாருங்கள். மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் பிடிக்கும் ஆன்டிபாடி போதும், இரண்டு நாளில் பதில் தெரிந்துவிடும். தட்டு மலிவு, சிப் மலிவு அல்ல. தட்டிலேயே வேலை செய்யாத ஜோடி சிப்பில் செய்யவே செய்யாது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. பல ஆன்டிபாடிகள் கெடாமல் இருக்க பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமின் புரதம்), ஜெலட்டின், டிரிஸ் அல்லது கிளைசின் கலந்த திரவத்தில் வருகின்றன. அந்த ஆன்டிபாடியைச் சிப்போடு வேதிப் பிணைப்பால் ஒட்டும்போது, ஆன்டிபாடிக்கு ஒதுக்கிய இடத்தை இவை பிடித்துக்கொள்ளும். குப்பியில் பிஎஸ்ஏ ஆன்டிபாடியைவிடப் பல மடங்கு இருக்கலாம், அப்படியானால் உங்கள் சிப் முழுக்க பிஎஸ்ஏதான். துணைப் புரதம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். டிரிஸ், கிளைசின் போன்றவற்றை உப்புநீக்கும் குழாயில் விட்டு பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) பஃபருக்கு மாற்றிவிடலாம். பிஎஸ்ஏ அப்படிப் போகாது.

4. துகள்: பெரிதா, சிறிதா?

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு துகள்கள், மேக்னடைட் அல்லது மேக்ஹமைட். வெளிப்புலம் இருக்கும்போது காந்தமாகி, புலத்தை எடுத்ததும் காந்தத்தன்மையை விட்டுவிடும் வகைதான் வேண்டும். இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடும்.

1 மைக்ரோமீட்டர், 2.8 மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய துகள்களை நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணலாம். ஒவ்வொன்றும் தரும் சிக்னலும் பெரிது. ஆனால் தண்ணீரில் அவை நகர்வது மந்தம். தானாகவே கீழே படிந்து, பிடிப்பு இருக்கிறதோ இல்லையோ சிப்பின் மேல் உட்கார்ந்துவிடும். 1 மில்லிமீட்டர் ஆழக் குழியில் 1 மைக்ரோமீட்டர் துகள் அடியைத் தொட ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும். எனவே கழுவாமல் அளக்க முடியாது.

50 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் படியாது, மிதந்துகொண்டே இருக்கும். 1 மைக்ரோமீட்டர் துகளைவிட ஏறத்தாழ 20 மடங்கு வேகமாகப் பரவும். தனித்தனியாகச் சிக்னல் மிகச் சிறிது, ஆயிரக்கணக்கில் சேர்ந்தால்தான் தெரியும். இவற்றோடு கழுவாமலேயே நேரடியாக அளக்க முடிகிறது. காரணம், துகளின் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்று. சிப்பில் ஒட்டிய துகள் தெரியும், மேலே திரவத்தில் மிதப்பது தெரியாது.

முதன்முறை என்றால் பெரிய துகளில் தொடங்குங்கள் என்பேன். சென்சார் சொல்வதை நுண்ணோக்கியில் சரிபார்க்கலாம், அந்த ஒரு வசதிக்காகவே.

துகள் குப்பியை உறைய விடவே கூடாது. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் போதும். காய்ந்தாலும் கெட்டது. எடுக்கும் முன் நன்றாகக் குலுக்குங்கள், கொஞ்சம் கட்டி தெரிந்தால் அல்ட்ராசானிக் தொட்டியில் சிறிது நேரம் வையுங்கள். காந்தக் கலக்கியின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நடக்கிற விஷயம்தான்.

5. சென்சார் தேர்வும் தரவுத்தாளில் பார்க்க வேண்டியதும்

சில்லு வடிவில் கிடைப்பவற்றில் ஜிஎம்ஆர் (பெரும் காந்தத்தடை), டிஎம்ஆர் (சுரங்கக் காந்தத்தடை) இரண்டும் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுகின்றன. இரண்டிலும் காந்தப் புலம் மாறினால் மின்தடை மாறும். டிஎம்ஆரில் மாற்றம் பெரிது, குறைந்த அதிர்வெண் இரைச்சலும் அதிகம். புலத்தை மின்னழுத்தமாகக் காட்டும் ஹால் சென்சார் உணர்திறனில் பின்தங்கியது, ஆனால் வலுவான புலத்திலும் நிறைவுநிலைக்குப் போய்ச் செயலிழக்காது.

கார், கைபேசிக்காகச் செய்யப்பட்ட மலிவு சில்லுகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவற்றில் உணரும் அடுக்குக்கு மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறை இருக்கும். மும்மடி விதியை நினைத்துப் பாருங்கள், அந்த உறைக்கு வெளியே ஒட்டும் துகள் அதற்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது மேற்பரப்பு திறந்த சிப். கேட்க வேண்டிய கேள்விகள்:

- பாதுகாப்பு அடுக்கு எந்தப் பொருள், எத்தனை நானோமீட்டர்? சிலிக்கன் ஆக்சைடும் சிலிக்கன் நைட்ரைடும் வழக்கம். மெல்லியதானால் சிக்னல் நன்று, உப்புநீர் உள்ளே புகும் ஆபத்தும் கூடும்.
- நேர்கோட்டில் வேலை செய்யும் புல எல்லை என்ன, எந்தத் திசையில்?
- சிப்பிலேயே ஒப்பீட்டுச் சென்சார்கள் உண்டா? வெப்பநிலை மாற்றத்தைக் கழிக்க அவை இல்லாமல் முடியாது.
- கம்பி இணைப்புகள் எப்பாக்சியால் மூடியிருக்கின்றனவா?

செலவைப் பொறுத்தவரை, சொந்த வடிவமைப்பில் சிப் செய்யச் சொல்வதுதான் இந்தப் பட்டியலிலேயே ஆளை விழுங்குவது, காத்திருக்கவும் நீண்ட காலம் பிடிக்கும். ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஆய்வகத்தோடு கைகோத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தொடர்ந்து பையைக் கரைப்பது ஆன்டிபாடி. துகள் செலவு அவ்வளவில்லை, ஒரு குப்பி நெடுநாள் வரும்.

சிப் கைக்கு வந்ததும், எதையும் பூசும் முன், மேலே ஒரு சொட்டு பிபிஎஸ் விட்டு மூடி, இரவு முழுவதும் மின்தடையைப் பதிவு செய்யுங்கள். காலையில் கோடு தட்டையாக இருந்தால் நல்ல சிப். மெல்ல மெல்ல ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் பாதுகாப்பு அடுக்கில் நுண்ணிய ஓட்டை இருக்கிறது, உப்பு உள்ளே போய் உலோகத்தை அரிக்கிறது என்று கொள்ளுங்கள். அந்தச் சிப்பில் ஆன்டிபாடியை வீணாக்காதீர்கள்.

6. மேற்பரப்பைத் தயாரித்தல்

நிதானம் வேண்டிய இடம் இதுதான். ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், நடுவில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் சுத்தம். கண்ணாடிக்குச் செய்வதுபோல் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் சிப்பை முக்கினால் உலோக இணைப்புகள் கரைந்துபோகும். மிதமான ஆக்சிஜன் பிளாஸ்மா அல்லது புறஊதா ஓசோன் சில நிமிடம் போதும்.

அடுத்து ஏப்டெஸ் எனப்படும் சிலேன் பூச்சு. சிப்பின் ஆக்சைடு மேல் அமீன் கொக்கிகளை நடுவதற்கு இது. ஈரம் பட்டால் ஏப்டெஸ் தனக்குத்தானே கோத்துக்கொண்டு தடித்த, சீரற்ற படலமாகிவிடும். பழைய குப்பியில் வெண்மையாக ஏதாவது மிதந்தால் தூக்கிப் போடுங்கள். சின்னக் குப்பியாக வாங்குவது நல்லது, பெரிய குப்பியில் மிச்சப்படும் காசு பாழாகும் சிப்பில் போய்விடும்.

பிறகு ஆன்டிபாடியை ஒட்டுவது. இணைக்கும் வேதிப்பொருளாக குளூட்டரால்டிஹைடு வழியாகவும் போகலாம், ஈடிசி, என்எச்எஸ் ஜோடி வழியாகவும் போகலாம். இரண்டாவதற்கு மேற்பரப்பில் கார்பாக்சில் கொக்கிகள் வேண்டும், எனவே அமீனுக்கு மேல் இன்னொரு அடுக்கு சேர்க்க வேண்டியிருக்கும். ஈடிசி தண்ணீரில் சீக்கிரம் சிதையும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வரும் வரை திறக்காதீர்கள், திறந்தால் உள்ளே பனி படிந்து பொடி கெடும். கரைத்த கையோடு பயன்படுத்துங்கள். நேற்றுக் கரைத்தது இன்று வெறும் தண்ணீர்.

ஒவ்வொரு சிப்பிலும் நான்கு வகைப் புள்ளிகள் இருக்கட்டும்: உங்கள் ஆன்டிபாடி, பிஎஸ்ஏ மட்டும், பயோட்டின் ஒட்டிய பிஎஸ்ஏ, எப்பாக்சியால் மூடிய ஒப்பீட்டுச் சென்சார். மூன்றாவது புள்ளிக்குப் புரதம் இல்லாமலேயே துகள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் துகளோ மின்னணுவோ பிழை. ஒட்டுகிறது, ஆன்டிபாடிப் புள்ளியில் மட்டும் சிக்னல் இல்லை என்றால் பிழை வேதியியலில். பாதித் தலைவலியை இந்த ஒரு ஏற்பாடு தீர்த்துவிடும்.

சொட்டு வைத்த ஆன்டிபாடி காயக் கூடாது. ஈரத் துணி வைத்த மூடிய பெட்டியில் வைத்து, குளிர்பெட்டியில் இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் 1 சதவீத பிஎஸ்ஏ கரைசலில் ஒரு மணி நேரம், மீதியிருக்கும் காலி இடங்களை அடைக்க. பிஎஸ்ஏ சரிவராத சில மேற்பரப்புகளில் பால் புரதமான கேசீன் நன்றாக வேலை செய்யும், இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்துவிடுங்கள்.

7. புலமும் மின்னணுவும்

சிப்பைச் சுற்றி மாறுதிசைப் புலம் தர ஒரு கம்பிச்சுருள், சென்சாருக்கு மாறுதிசை மின்னோட்டம், படிக்க லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் பிரித்துப் படிக்கும் கருவி). புலத்துக்கு ஒரு அதிர்வெண்ணும் மின்னோட்டத்துக்கு வேறொன்றும் கொடுத்து, இரண்டின் கூட்டிலும் கழித்தலிலும் வரும் அதிர்வெண்ணில் படியுங்கள். சுருள் உங்கள் கம்பிகளில் நேரடியாகத் தூண்டும் மின்னழுத்தம் புலத்தின் அதிர்வெண்ணிலேயே நின்றுவிடும், சிக்னலில் கலக்காது. மின்தடமும் மின்விசிறியும் தரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் அதன் மடங்குகளையும் ஒதுக்கித் தேர்ந்தெடுங்கள்.

துகள் ஒட்டினால் சிக்னல் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சென்சார் தளத்துக்கு இணையான புலத்தில், மேலே அமரும் துகள் அடியிலுள்ள சென்சாரில் எதிர்த்திசைப் புலத்தைத் தருவதால் சிக்னல் குறையவும் செய்யும். எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பயோட்டின் புள்ளி சொல்லிவிடும்.

பூமியின் புலமே 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. ஸ்டீல் இடுக்கி, இரும்பு மேசை, கைபேசி எல்லாம் பக்கத்திலிருந்து விலகட்டும். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கி வாங்குங்கள்.

8. ஓட்டும் நாள்

எல்லாத் திரவங்களையும் அறை வெப்பநிலைக்குக் கொண்டு வந்துவிட்டே தொடங்குங்கள். குளிர்ந்த பஃபரை ஊற்றினால் மின்தடை மாறுவது துகள் ஒட்டியதுபோலவே தெரியும். மாதிரி அரை மணி முதல் ஒரு மணி நேரம், 0.05 சதவீத ட்வீன்-20 (ஒரு மென்மையான சோப்பு போன்ற பொருள்) கலந்த பிபிஎஸ்ஸில் கழுவல், பயோட்டின் ஆன்டிபாடி அரை மணி, மறுபடி கழுவல், அப்புறம் துகள்.

துகள் விடும் முன் சில நிமிடம் துகள் இல்லாத நிலையின் சிக்னல் பதிவாகட்டும். துகள் விட்டபின் முதல் பத்து நிமிட வளைவே நிறையச் சொல்லும். பெரிய துகள் என்றால் முடிவில் மேலிருந்து ஒரு காந்தத்தைக் காட்டி, பலவீனமாக ஒட்டியிருப்பவற்றை இழுத்தெடுக்கலாம். வலுவாகப் பிணைந்தவை நிற்கும். காந்தத்தின் தூரத்தை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு, அதன்பின் மாற்றாதீர்கள்.

9. வெற்று மாதிரிதான் உங்கள் உண்மையான எல்லை

சென்சார் எவ்வளவு சின்னப் புலத்தைப் படிக்கும் என்பதை வைத்துக் கண்டறிதல் எல்லையைக் கணக்கிடுபவர்கள் உண்டு. அந்த எண்ணுக்கு நடைமுறையில் மதிப்பில்லை. புரதமே இல்லாத மாதிரியிலும் சில துகள்கள் ஒட்டத்தான் செய்யும். அவை எவ்வளவு ஒட்டுகின்றன, சிப்புக்குச் சிப் எவ்வளவு மாறுகின்றன என்பதே எல்லை.

ஒரே சிப்பில் பலமுறை அளந்து திட்டவிலக்கம் எடுத்தால் எண் அழகாக வரும், அதை நம்ப முடியாது. வெவ்வேறு சிப், வெவ்வேறு நாள் என்று வெற்று மாதிரிகளை அளங்கள். அவற்றின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் வருவது, இருக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடிய மிகச் சிறிய சிக்னல். வெற்று மாதிரி வெறும் பஃபராகவும் இருக்கக் கூடாது. ரத்தநீரில் அளக்கப் போகிறீர்கள் என்றால், தேடும் புரதம் நீக்கிய ரத்தநீர் வேண்டும்.

இதற்குச் சிப்புகள் நிறையச் செலவாகும். திட்டச் செலவு போடும்போதே கையிருப்புச் சிப்புகளில் பாதி வெற்று மாதிரிக்கும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் சோதனைகளுக்கும் போகும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

10. உண்மையான மாதிரிக்குப் போகும்போது

பஃபரில் அழகாக வந்த வளைவு ரத்தநீரில் சரியும். பயப்பட வேண்டாம், காரணங்கள் தெரிந்தவைதான்.

பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் கரைந்திருக்கும் பயோட்டின், துகளின் ஸ்ட்ரெப்டாவிடினை நிரப்பிவிடலாம். மருத்துவமனைச் சோதனைகளுக்கே இந்தச் சிக்கல் உண்டு, அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2017-ல் எச்சரிக்கை வெளியிட்டது. செல் வளர்க்கும் திரவத்தில் அளப்பவர்களும் கவனியுங்கள், ஆர்பிஎம்ஐ 1640 திரவத்தில் பயோட்டின் உண்டு. துகள் சேர்க்கும் முன் மாதிரியை முழுவதும் கழுவிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

சிலருடைய ரத்தத்தில் விலங்கு ஆன்டிபாடிகளையே பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கும். அது உங்கள் இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் நடுவே பாலம் போட்டு, புரதம் இல்லாமலேயே சிக்னல் தரும். மாதிரியில் சாதாரண எலி இம்யூனோகுளோபுலினை (எலியின் ஆன்டிபாடி) கொஞ்சம் சேர்த்து அளந்து பாருங்கள், சிக்னல் விழுந்தால் அதுதான் காரணம்.

மூன்றாவது, புரதத்தின் அளவு மீறிப்போனால் சிக்னல் திரும்பவும் இறங்குவது. மாதிரியையும் பயோட்டின் ஆன்டிபாடியையும் ஒன்றாகச் சேர்த்து விடும் குறுக்குவழியில் இது அதிகம். புரதம் மிக அதிகமாக இருந்தால் சிப்பிலுள்ள ஆன்டிபாடி ஒரு மூலக்கூறையும் பயோட்டின் ஆன்டிபாடி வேறொரு மூலக்கூறையும் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேராது. முதல் முயற்சிக்குச் சொன்ன சிஆர்பியில் இது கண்டிப்பாக எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு புது மாதிரியையும் குறைந்தது இரண்டு வெவ்வேறு நீர்த்தல்களில் அளங்கள். நீர்க்க நீர்க்கச் சிக்னல் ஏறினால் நீங்கள் மலையின் மறுபக்கத்தில் நிற்கிறீர்கள்.

பயன்படுத்திய சிப்பைக் கழுவி மறுபடி அளக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அளவீட்டுக்கு வேண்டாம். குறைந்த பிஎச் உள்ள கிளைசினில் கழுவினால் புரதம் கொஞ்சம் போகும், கூடவே ஆன்டிபாடியின் பிடிப்பும் போகும், எவ்வளவு போனது என்பது யாருக்கும் தெரியாது. சுருளைச் சரிபார்க்கவும், லாக்-இன் பழகவும், புது மாணவருக்குச் சிப் பிடிக்கக் கற்றுத்தரவும் அவற்றை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டு வையுங்கள். டப்பாவின் மேல் "பழையது" என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.